மஞ்சள் கறை கேட்ட கேள்வி

உயர்நிலை மூன்று மாணவர்கள் 28 பேரை ஒரு வெயில் நாளில் டோபி காட்டுக்கு அழைத்துச் சென்றோம். மரபுடைமை பற்றிய கற்றல் பயணம் அது. அறிவியல் ஆசிரியையான எனக்கு அன்று இருந்த ஒரே வேலை, சாலையைக் கடக்கும்போதெல்லாம் தலைகளை எண்ணுவது. விளக்கம் சொல்லும் பொறுப்பு உடன் வந்த வரலாற்று ஆசிரியருடையது.

டோபி என்றால் சலவைத் தொழிலாளி, காட் என்றால் படித்துறை என்று அவர் தொடங்கினார். இந்தியாவிலிருந்து வந்த சலவைத் தொழிலாளர்கள் இவ்வழியே ஓடிய பிராஸ் பசா ஓடையில் துணி துவைத்தார்கள். அந்த ஓடைதான் பின்னாளில் ஸ்டாம்ஃபோர்டு கால்வாய் ஆனது. இன்று ஒய்எம்சிஏ கட்டடம் நிற்கும் பக்கம் அப்போது திறந்த வெளியாக இருந்தது. துவைத்த துணிகளை அங்கேதான் காயப்போட்டார்கள். மூன்று ரயில் வழித்தடங்கள் சந்திக்கும் நிலையத்துக்குச் சலவைத்துறையின் பெயர் எப்படி வந்தது என்பது மாணவர்களுக்கு அன்றுதான் புரிந்தது.

அப்போது ஒரு மாணவி என் அருகில் வந்தாள். “டீச்சர், மஞ்சக் கறை பட்ட துணிய வெயில்ல போட்டா கறை போயிடும்னு எங்க பாட்டி சொல்வாங்க. நெஜமாவே போகுது. டிரையர்லயும் சூடுதானே டீச்சர் இருக்கு? அதுல போட்டா மட்டும் ஏன் போக மாட்டேங்குது?”

மணி பதினொன்றைத் தாண்டியிருந்தது. பேருந்து காத்திருந்தது. “அதெல்லாம் தேர்வுக்கு வராதும்மா, வரிசையில நில்லு” என்றேன்.

பத்தாண்டுகளுக்கு மேலாகப் பாடம் நடத்துகிறேன். அந்தப் பதிலைப்போல் என்னை உறுத்திய பதில் வேறில்லை. அவள் கேட்டது சின்னக் கேள்வி இல்லை. வெப்பமும் ஒளியும் ஒன்றா என்று கேட்டாள். இன்றைய வேதியியலில் வேகமாக வளர்ந்துவரும் துறைகளுள் ஒன்று அந்தக் கேள்வியின் மேல்தான் நிற்கிறது. எங்கள் வகுப்பறையிலோ அதற்கு இடமே இல்லை. இந்தக் கட்டுரை, அவளுக்கு அன்று நான் சொல்லியிருக்க வேண்டிய பதில்.

*சூடு வேறு, ஒளி வேறு*

மறுவாரம் வகுப்பில் ஒரு சோதனை செய்தோம். தேக்கா சந்தையில் வாங்கிய மஞ்சள் தூளை வெந்நீரில் கரைத்து, வெள்ளைப் பருத்தித் துணியை நனைத்து, அலசிக் காயவைத்து ஐந்து துண்டாக வெட்டினோம். ஒன்றை அலமாரி இருட்டில் வைத்தோம். ஒன்றை ஆய்வுக்கூட அடுப்பில் 60 டிகிரியில் வைத்தோம். மற்ற மூன்றும் வெயிலுக்குப் போயின. அவற்றில் ஒன்று திறந்தபடி, ஒன்று நீலக் கண்ணாடித்தாளின் கீழ், ஒன்று சிவப்புக் கண்ணாடித்தாளின் கீழ்.

மாலையில் எடுத்துப் பார்த்தோம். இருட்டில் இருந்ததும் அடுப்பில் இருந்ததும் காலையில் பார்த்த அதே மஞ்சள். திறந்த வெயிலில் கிடந்தது ஏறக்குறைய வெளுத்துவிட்டது. நீலத்தாளின் கீழ் இருந்தது நன்றாகவே மங்கியிருந்தது. சிவப்புத்தாளின் கீழ் இருந்ததில் மஞ்சள் பெருமளவு அப்படியே இருந்தது. அதுவும் வெயிலில்தான் கிடந்தது, அதற்கும் சூடு இருந்தது. ஆனாலும் கறை போகவில்லை.

காரணம் இதுதான். மஞ்சளுக்கு நிறம் தருவது குர்குமின் என்ற சேர்மம். நீல ஒளியை அது விழுங்கிக்கொள்கிறது. எஞ்சிய ஒளி நம் கண்ணுக்கு மஞ்சளாகத் தெரிகிறது. விழுங்கிய ஒளி, மூலக்கூறிலுள்ள எலக்ட்ரானை மேல்நிலைக்கு ஏற்றிவிடுகிறது. அந்தக் கிளர்ந்த நிலையில் மூலக்கூறு காற்றிலுள்ள ஆக்சிஜனுடன் எளிதில் வினைபுரிந்து உடைகிறது. நிறத்துக்குக் காரணமான இரட்டைப் பிணைப்புத் தொடர் அறுந்ததும் நிறமும் போய்விடுகிறது. சிவப்பு ஒளியைக் குர்குமின் தொடுவதில்லை. தொடாத ஒளியால் வினை நடக்காது. ஒளிவேதியியலின் முதல் விதி இது.

எண்ணிக்கையில் சொன்னால் வேறுபாடு இன்னும் தெளிவாகும். நீரின் கொதிநிலையில், ஒரு மோல் மூலக்கூறுகளுக்கு வெப்பம் தரும் ஆற்றலின் அளவுகோல் சுமார் 3 கிலோஜூல். 450 நானோமீட்டர் அலைநீளமுள்ள நீல ஒளியில் ஒரு மோல் ஃபோட்டான்கள் சுமந்து வருவது 266 கிலோஜூல். கிட்டத்தட்ட 85 மடங்கு. வெப்பம் பாத்திரத்தில் உள்ள எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சமாக உலுக்குகிறது. ஒளியோ தன்னை விழுங்கக்கூடிய மூலக்கூறை மட்டும் தேடிப்போய், மொத்த ஆற்றலையும் ஒரே அடியாகக் கொடுக்கிறது. பக்கத்தில் இருப்பவை அறை வெப்பநிலையிலேயே இருக்கின்றன.

டிரையரில் கறை ஏன் போவதில்லை என்ற கேள்விக்கு இதுதான் விடை. அழிப்பதற்கு மட்டும் இல்லாமல், ஆக்குவதற்கும் இதே வழியைப் பயன்படுத்த முடியும் என்பதுதான் இன்று நாம் கவனிக்க வேண்டிய செய்தி.

*இருபதுக்கு அப்பால்*

நம் உடலின் புரதங்கள் அமினோ அமிலங்கள் கோத்த மாலைகள். செல்லுக்குள் மாலை கோக்கும் இயந்திரம் ரைபோசோம். அதன் அமைப்பை அணு அணுவாக வெளிப்படுத்தியதற்காக, சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன் 2009ல் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். ரைபோசோம் வழக்கமாகப் பயன்படுத்துவது 20 வகை அமினோ அமிலங்கள். பாடநூல் அந்த எண்ணோடு நின்றுவிடுவதால், உலகில் இருப்பதே 20தான் என்று மாணவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள்.

அமினோ அமிலத்தின் வடிவம் எளிமையானது. நடுவில் ஒரு கார்பன் அணு. அதன் ஒரு கையில் அமினோ தொகுதி, ஒரு கையில் அமிலத் தொகுதி, ஒரு கையில் ஹைட்ரஜன். நான்காவது கையில் இருப்பது பக்கச் சங்கிலி. அதை மாற்ற மாற்ற புதுப்புது அமினோ அமிலங்கள் கிடைக்கும். எண்ணிக்கைக்கு எல்லையே இல்லை.

புரதத்தில் சேராத அமினோ அமிலங்கள் நம்மைச் சுற்றியே இருக்கின்றன. சித்த மருத்துவம் அறிந்த பூனைக்காலி விதையில் எல்-டோப்பா என்ற அமினோ அமிலம் உண்டு. பார்க்கின்சன் நோய்க்கு இன்றும் முதன்மையான மருந்து அதுதான். தொட்டாற்சிணுங்கியிலும், சிங்கப்பூரில் சாலையோரமெல்லாம் தானாக முளைக்கும் சூபாபுல் மரத்திலும் மிமோசின் என்ற அமினோ அமிலம் இருக்கிறது. அந்தத் தழையை அளவுக்கு மீறித் தின்ற விலங்குகளுக்கு முடி கொட்டும். ஒன்று மருந்து, ஒன்று நஞ்சு. இரண்டும் அந்த இருபதில் இல்லை.

நம் வீடுகளுக்கு இன்னும் நெருக்கமான எடுத்துக்காட்டும் உண்டு. நீரிழிவு இல்லாத உறவினர் வட்டம் நம்மில் அரிது. ஓஸெம்பிக் என்ற பெயரில் விற்கப்படும் செமாகுளுடைட் மருந்தைப் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். நம் குடல் சுரக்கும் ஜிஎல்பி-1 என்ற ஹார்மோனின் மாற்று வடிவம் அது. இயற்கை ஹார்மோன் இரத்தத்தில் இரண்டொரு நிமிடங்களே தாக்குப்பிடிக்கும். ஒரு நொதி அதை ஓரிடத்தில் கத்தரித்துவிடும். கத்தரி விழும் இடத்துக்குப் பக்கத்தில் இருப்பது அலனின் என்ற சாதாரண அமினோ அமிலம். அதன் நடு கார்பனில் ஹைட்ரஜன் இருக்கும் இடத்தில் ஒரு மீத்தைல் தொகுதியை வைத்தால் அமினோ ஐசோபியூட்டிரிக் அமிலம் கிடைக்கும். மருந்தில் செய்த மாற்றங்களில் ஒன்று இது. இதனால் நொதியின் கத்தரி அங்கே சரியாகப் பொருந்துவதில்லை. இரத்தப் புரதத்தைப் பற்றிக்கொள்ள ஒரு கொழுப்பமிலச் சங்கிலியையும் சேர்த்தார்கள். வாரம் ஒரு ஊசி போதும் என்ற நிலை அப்படித்தான் வந்தது.

இந்தக் குட்டி அமிலத்தோடு நம் பக்கத்து அறிவியலுக்கு நீண்ட உறவு உண்டு. அமினோ அமில மாலை எந்தெந்தக் கோணங்களில் மடங்க முடியும் என்பதைச் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என்.ராமச்சந்திரன், ராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகிய மூவரும் 1963ல் வரைபடமாக்கினார்கள். உலகம் முழுதும் அதை ராமச்சந்திரன் வரைபடம் என்றே சொல்கிறார்கள். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் பி.பலராம், அமினோ ஐசோபியூட்டிரிக் அமிலம் சேர்ந்த சிறு புரத மாலைகள் எப்படி மடிகின்றன என்பதைப் பல்லாண்டுகள் ஆராய்ந்தார். எங்கோ நடக்கும் அந்நிய அறிவியல் என்று இதை ஒதுக்கிவிட முடியாது.

*செய்வதுதான் கடினம்*

வேண்டிய அமினோ அமிலத்தை வேண்டியபடி செய்வது எளிதில்லை. ஜெர்மானிய வேதியியலாளர் அடால்ஃப் ஸ்ட்ரெக்கர் 1850ல் கண்ட வழி இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. அதற்கு அம்மோனியாவோடு சயனைடும் வேண்டும். சயனைடு என்ன நஞ்சு என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இன்னொரு சிக்கல், கை. பெரும்பாலான அமினோ அமிலங்களுக்கு வலக்கை, இடக்கைபோல இரு வடிவங்கள் உண்டு. கண்ணாடியில் பார்த்தால் ஒன்றுபோல் தெரியும், ஒன்றின்மேல் ஒன்றை வைத்தால் பொருந்தாது. நம் புரதங்களில் இருப்பது இடக்கை வடிவம். எல்-டோப்பாவிலும் இடக்கை வடிவம்தான் மருந்து. சாதாரண முறையில் செய்தால் இரண்டும் சரிபாதியாகக் கலந்து வரும். ஒரு கையை மட்டும் பெறும் வினையூக்கியைக் கண்டு எல்-டோப்பாவைத் தொழிற்சாலை அளவில் செய்ய வழிகாட்டிய வில்லியம் நோல்ஸ் 2001ல் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். அவ்வளவு பெரிய சிக்கல் அது.

ஒளி இங்கேதான் உள்ளே வருகிறது. அதன் சிந்தனை பழையது. இத்தாலியின் பொலோன்யா நகரில் ஜாக்கோமோ சாமிச்சான் என்ற பேராசிரியர் கண்ணாடிக் குடுவைகளை வெயிலில் வரிசையாக வைத்து வினைகளை ஆராய்ந்தார். புகை கக்காத, கண்ணாடிக் குழாய்களுக்குள் வெயிலால் இயங்கும் வேதித் தொழிற்சாலைகளைப் பற்றி 1912ல் நியூயார்க்கில் பேசினார். நிலக்கரிக் காலத்தில் அந்தப் பேச்சு கனவாகவே நின்றது.

கனவு கைக்கு எட்டத் தொடங்கியது 2008ல். அமெரிக்காவில் டேவிட் மேக்மில்லனின் குழு, வீட்டில் எரிவதுபோன்ற ஒரு 15 வாட் விளக்கையும் ருத்தேனியம் சேர்ந்த ஒரு வினையூக்கியையும் வைத்துக் கடினமான ஒரு வினையை நடத்திக் காட்டியது. பெரும்பாலான கரிமச் சேர்மங்கள் கண்ணுக்குத் தெரியும் ஒளியை விழுங்குவதில்லை. வினையூக்கி விழுங்கும். விழுங்கியதும் ஒரு மூலக்கூறிடமிருந்து ஓர் எலக்ட்ரானை வாங்கும் அல்லது கொடுக்கும். அதில் பிறக்கும் துணுக்கில் இணையில்லாத ஓர் எலக்ட்ரான் தனித்து நிற்கும். வேதியியலாளர்கள் அதை ராடிக்கல் என்பார்கள். துணை தேடும் அந்தத் துணுக்கு, அடுத்த மூலக்கூறைச் சட்டெனப் பற்றிக்கொள்ளும். வினை முடிந்ததும் வினையூக்கி பழைய நிலைக்குத் திரும்பி அடுத்த ஃபோட்டானுக்குக் காத்திருக்கும்.

*வட்டப் பாதையின் மறுமுனையில்*

டோபி காட்டில் வட்டப் பாதை ரயிலில் ஏறினால், மாறாமலே கென்ட் ரிட்ஜ் போய்விடலாம். அங்கே சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் யான் நிங் என்பவரின் ஆய்வுக்குழு இருக்கிறது. தூக்கி எறியும் தாவரக் கழிவு, இறால் ஓடு, நண்டு ஓடு ஆகியவற்றிலிருந்து பயனுள்ள சேர்மங்கள் செய்வதில் பெயர் பெற்ற குழு அது. 2018ல் அவர்கள் ஒரு முறையை வெளியிட்டார்கள். தாவரச் சர்க்கரையிலிருந்து கிடைக்கும் லாக்டிக் அமிலம் போன்றவற்றை அம்மோனியாவுடன் வினைபுரியச் செய்து அமினோ அமிலமாக்கும் முறை. வினையூக்கி, கார்பன் நானோகுழாய்மேல் பதித்த ருத்தேனியத் துகள்கள். குளுக்கோசில் தொடங்கி இரண்டே படிகளில் 43 விழுக்காடு அலனின் கிடைத்தது. ஆனால் 200 டிகிரிக்கும் மேல் சூடும் அழுத்தப்பட்ட ஹைட்ரஜனும் தேவைப்பட்டன.

இரண்டே ஆண்டுகளில், 2020ல், அதே வேலையை ஒளியால் செய்து காட்டினார்கள். இம்முறை வினையூக்கி, மிக மெல்லிய காட்மியம் சல்ஃபைடு தகடுகள். கண்ணுக்குத் தெரியும் ஒளி. வெப்பநிலை வெறும் 50 டிகிரி, நாம் ஆற்றிக் குடிக்கும் தேநீரின் சூடு. லாக்டிக் அமிலம் அலனின் ஆனது. ஒரே பாத்திரத்தில் குளுக்கோசும் அலனின் ஆனது.

அலனின் இயற்கையான அமினோ அமிலம்தான். புதிய பக்கச் சங்கிலி கொண்டவற்றை, அதுவும் ஒரு கையை மட்டும் கொண்டவற்றைச் செய்வது அடுத்த கட்டம். அதற்கு 2023ல் ஒரு வழி வெளியானது. கலிஃபோர்னியாவின் சாண்டா பார்பரா பல்கலைக்கழகத்தில் யாங் யாங் குழுவும் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் பெங் லியு குழுவும் சேர்ந்து செய்த ஆய்வு அது. அவர்கள் ஒளியையும் நொதியையும் ஒரே பாத்திரத்தில் கூட்டு சேர்த்தார்கள். ஒளியை விழுங்கும் வினையூக்கி ராடிக்கல் துணுக்கை உண்டாக்குகிறது. வைட்டமின் பி6இன் ஒரு வடிவத்தைத் துணையாகக் கொண்ட நொதி, சாதாரண அமினோ அமிலம் ஒன்றைப் பற்றித் தயாராக வைத்திருக்கிறது. இரண்டும் நொதியின் குழிவுக்குள் சந்திக்கின்றன. எந்தக் கை வேண்டும் என்பதைக் குழிவின் வடிவம் தீர்மானிக்கிறது. இயற்கையில் அந்த நொதி செய்யாத வேலை இது. மரபணுவை மாற்றி மாற்றி, நல்லதைத் தேர்ந்தெடுத்து, நொதியைப் பழக்கினார்கள். அந்தப் பழக்கும் முறைக்காக ஃபிரான்சஸ் ஆர்னால்டு 2018ல் நோபெல் பரிசு பெற்றார்.

புதிய ஒரு பக்கச் சங்கிலி, நோயாளி நாள்தோறும் போட்டுக்கொள்ளும் ஊசியை வாரம் ஒன்றாக மாற்றக்கூடும் என்பதை மேலே பார்த்தோம். மருந்தாய்வாளர்கள் பரிசோதித்துப் பார்க்கக்கூடிய அமினோ அமிலங்களின் பட்டியலை இத்தகைய முறைகள் நீளமாக்குகின்றன. இதன் மதிப்பு அதில்தான் இருக்கிறது.

*ஒளி இலவசம் இல்லை*

இவ்வளவு சொன்ன பிறகு, ஒளியால் செய்தால் எல்லாம் பசுமைதானே என்று வாசகர்கள் நினைக்கலாம். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். பசுமை என்ற சொல்லைக் கேட்டதும் கணக்கை மூடிவைப்பது அறிவியல் இல்லை.

வகுப்பில் வெண்பலகையில் ஒரு கணக்குப் போட்டோம். ஒரு மோல் நீல ஃபோட்டானின் ஆற்றல் 266 கிலோஜூல், அதாவது 0.074 கிலோவாட் மணி. எல்இடி விளக்கு தான் பெறும் மின்சாரத்தில் பாதியை ஒளியாக்குகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் 0.15 கிலோவாட் மணி. ஒவ்வொரு ஃபோட்டானும் ஒரு மூலக்கூறை உருவாக்கினால் கணக்கு அதோடு முடிந்தது. ஆனால் 100 ஃபோட்டானில் ஒன்றுதான் வேலை செய்கிறது என்றால்? 15 கிலோவாட் மணி ஆகும். ஒரு கிலோவாட் குளிரூட்டியை 15 மணி நேரம் ஓட்டுவதற்குச் சமம். கிடைக்கும் பொருளோ சுமார் 150 கிராம். சிங்கப்பூரின் மின்சாரம் ஏறக்குறைய 95 விழுக்காடு இயற்கை எரிவாயுவிலிருந்து வருகிறது. ஒரு கிலோவாட் மணிக்குச் சுமார் 0.4 கிலோ கரியமில வாயு. ஆக 150 கிராம் அமினோ அமிலத்துக்கு விளக்கு மட்டும் 6 கிலோ கரியமில வாயுவை வெளியேற்றியிருக்கும். இரண்டு ஃபோட்டானில் ஒன்று வேலை செய்தால் அதே கணக்கு 120 கிராமாகக் குறைந்துவிடும்.

ஒரு முறை பசுமையா இல்லையா என்பதை, அதில் ஒளி இருக்கிறது என்பது தீர்மானிப்பதில்லை. எத்தனை ஃபோட்டானுக்கு ஒன்று வேலை செய்கிறது, மின்சாரம் எங்கிருந்து வருகிறது ஆகிய இரண்டும்தான் தீர்மானிக்கின்றன.

வேறு தடைகளும் உண்டு. காட்மியம் நச்சு உலோகம், கசியவிட முடியாது. ருத்தேனியமும் இரிடியமும் அரியவை. நிறமுள்ள கரைசலுக்குள் ஒளி சில மில்லிமீட்டர் ஆழமே போகும். அதனால் பெரிய அண்டாவை விளக்கின் முன் வைத்துப் பயனில்லை. மெல்லிய குழாய்களில் கரைசலை ஓடவிட்டு ஒளியூட்ட வேண்டும். அதே பல்கலைக்கழகத்தில் ஜியே வூ என்பவரின் குழு இத்தகைய ஓட்ட முறைகளில் ஈடுபட்டுள்ளது. முப்பது டிகிரி வெயில் வெளியே இலவசமாகக் காய்கிறதே என்று கேட்கலாம். மழைமேகமும் இங்கே இலவசம்தான். தொழிற்சாலை மேகத்தைக் கேட்டு ஓட முடியாது.

இந்தக் கணக்கையும் தடைகளையும் நான் எதிர்ப்பாகச் சொல்லவில்லை. ஜூரோங் தீவிலும் துவாசிலும் வேதிப்பொருளும் மருந்தும் செய்து பிழைக்கும் நாடு நாம். சூட்டைக் குறைக்க உதவும் எந்த வழியும் நமக்குத் தேவை. இன்று என் முன்னால் உட்கார்ந்திருக்கும் 15 வயதுப் பிள்ளைகள்தான் நாளை அந்தத் தொழிற்சாலைகளில் எந்த முறையை வாங்குவது, எதை விடுவது என்று முடிவெடுக்கப் போகிறார்கள். விற்க வருபவர் ‘ஒளியால் செய்கிறோம், பசுமையானது’ என்று சொன்னதும் தலையாட்டும் பிள்ளைகளை நாம் உருவாக்கக்கூடாது. ‘நூறில் எத்தனை ஃபோட்டான்?’ என்று அவர்கள் திருப்பிக் கேட்க வேண்டும்.

*அம்புக்குறியின் மேல் ஒரு சொல்*

எங்கள் வகுப்பில் ஒளி எங்கே வருகிறது? உயிரியலில் ஒளிச்சேர்க்கை. வேதியியலில், ஆல்கேன் குளோரினுடன் வினைபுரியும்போது அம்புக்குறியின் மேல் ‘புறஊதா ஒளி’ என்று ஒரு சொல். ஏன் ஒளி, ஏன் சூடு போதாது என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் மதிப்பெண் இல்லை. வினைவேகப் பாடத்தில் வெப்பநிலை, செறிவு, துகள் அளவு, வினையூக்கி என்று பட்டியல் ஒப்பிக்கிறோம். டோபி காட்டில் என் மாணவி கேட்டதற்கு அந்தப் பட்டியலில் விடை இல்லை.

புதிய அத்தியாயம் எதையும் நான் கேட்கவில்லை. பாடத்திட்டம் ஏற்கெனவே பிதுங்கி வழிகிறது. சக ஆசிரியர்கள் அடிக்க வருவார்கள். மூன்று சிறு மாற்றங்கள் போதும். வினைவேகப் பாடத்தில் ஒரு செய்முறை வேளையை ஒளிக்கு ஒதுக்கலாம். மஞ்சள் துணி, இரண்டு நிறக் கண்ணாடித்தாள், ஒரு வெயில் நாள், அவ்வளவுதான் செலவு. புரதப் பாடத்தில் ‘20 அமினோ அமிலங்கள்’ என்பதை ‘ரைபோசோம் வழக்கமாகப் பயன்படுத்தும் 20’ என்று திருத்திச் சொல்லலாம். மோல் கணக்கில் ஒரே ஒரு கேள்வியை ஃபோட்டானைப் பற்றி வைக்கலாம். 2027ல் உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்குப் புதிய சான்றிதழ்த் தேர்வு வருகிறது. தேர்வின் பெயர் மாறும் நேரத்தில் கேள்வியின் குணமும் கொஞ்சம் மாறினால் நல்லது.

பெற்றோரிடமும் ஒரு வார்த்தை. பாட்டிக்கு எல்லாம் தெரிந்திருந்தது, முன்னோர் அப்போதே அறிவியல் செய்தார்கள் என்றெல்லாம் நான் சொல்ல வரவில்லை. வெயிலில் கறை போகும் என்பது பாட்டிக்குத் தெரியும். ஏன் போகிறது என்பது அவருக்குத் தெரிய வாய்ப்பில்லை. பாட்டி கண்டதை மதிப்பதும், அதோடு நிற்காமல் ஏன் என்று கேட்பதும் சேர்ந்தால்தான் அறிவியல். டிரையரையும் வெயிலையும் ஒப்பிட்ட அந்தப் பிள்ளை இரண்டையும் செய்தாள். அதை நிறுத்தியது அவளுடைய ஆசிரியை.

சோதனை முடிந்த நாளில் ஐந்து துணித் துண்டுகளையும் அட்டையில் ஒட்டி அவளிடம் கொடுத்தேன். தேர்வுக்கு வராது என்று சொன்னதற்கு மன்னிப்பும் கேட்டேன். அவள் சிவப்புத்தாள் துண்டை விளக்கின் முன் பிடித்துப் பார்த்தாள். “இதுல ஓரத்துல மட்டும் லேசா வெளுத்திருக்கே டீச்சர், ஏன்?” என்றாள்.

தாள் சரியாக மூடாத ஓரமாக இருக்கலாம். சிவப்புத்தாள் கொஞ்சம் நீல ஒளியைக் கசியவிட்டிருக்கவும் கூடும். அடுத்த வெயில் நாளில் பார்த்துவிடுவோம் என்று சொல்லியிருக்கிறேன்.